பழைய இரும்பு, புதிய காது

புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் நாராயண்காவ் வந்ததும் கிழக்கே பிரிந்தால், திராட்சைத் தோட்டங்களுக்கும் தக்காளி வயல்களுக்கும் நடுவே பெரிய பெரிய கம்பி வலைக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். கோடத் கிராமத்தை ஒட்டி ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டருக்குள் 14 கிண்ணங்கள். மீதி 16, மூன்று கைகளாகப் பிரிந்து 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கின்றன. முழுப் பெயர் ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி. வேலை செய்கிறவர்கள் வாயில் அது எப்போதும் ஜி.எம்.ஆர்.டி.

இந்தக் கிண்ணங்கள் தொண்ணூறுகளில் எழுந்தவை. ஆனால் இன்று இங்கே பல்சர்களையும், விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே மின்னி மறையும் ரேடியோ வெடிப்புகளையும் தேடுகிற கருவிக்கு வயது பத்து சொச்சம்தான். இரும்பு அதே இரும்பு. மாறியதெல்லாம் கிண்ணத்தின் குவியத்தில் தொங்கும் ஏற்பியும், கண்ணாடி இழையும், கணினி அறையும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது. அதனாலேயே இந்த இரண்டாவது பிறப்பைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். கிண்ணம் புகைப்படத்துக்கு நிற்கும். சிக்னல் ஏற்பி நிற்காது.

முதல் பிறப்பைச் சொல்ல உதகைக்குப் போக வேண்டும்.

1961 செப்டம்பரில், வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய வானியலாளர்கள் சேர்ந்து, இந்தியாவில் ஒரு ரேடியோ வானியல் குழு வேண்டும் என்று இங்குள்ள நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டி.கே. மேனன், எம்.ஆர். குந்து, டி. கிருஷ்ணன், கோவிந்த் ஸ்வரூப். அடுத்த ஜனவரியில் ஹோமி பாபாவிடமிருந்து தந்தி வந்தது: குழு அமைக்க முடிவாகிவிட்டது, கடிதம் தொடரும். அரசாங்கக் காரியம் நாலு மாதத்தில் முடிந்த அதிசயத்தை இங்கே குறித்து வைப்பது நல்லது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் முடித்திருந்த ஸ்வரூப் 1963-இல் திரும்பி, பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான், 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலா மறைத்துக் கடந்த நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்து, அதன் இடத்தைத் துல்லியமாகக் கண்டிருந்தார்கள். அந்த இடத்தில் இருந்தது முதல் குவாசர். நிலாவின் விளிம்பு எப்போது எங்கே இருக்கும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். சிக்னல் அறுந்த கணத்தைப் பிடித்தால் மூலத்தின் இடமும் அளவும் கிடைக்கும். இதையே நூற்றுக்கணக்கான மூலங்களுக்குச் செய்தால் என்ன என்று ஸ்வரூப் யோசித்தார். அதற்கு நிலாவை மணிக்கணக்கில் பின்தொடரும் பெரிய கருவி வேண்டும். பெரிய கிண்ணம் செய்யப் பணம் இல்லை.

அவர் கண்ட வழி புவியியல் சார்ந்தது. நீளமான உருளைப் பரவளையம் ஒன்றைப் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்துவிட்டால், ஒரே ஒரு திருப்பத்தில் வானத்தைப் பின்தொடரலாம். அப்படிப் படுக்க வைக்க, வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலை வேண்டும்; சரிவின் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அட்சரேகை கூடக் கூடச் சரிவும் செங்குத்தாகும், கட்டுவது கடினமாகும். ஆகவே தென்னிந்தியா. தேடி அலைந்து கிடைத்தது உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை. அட்சரேகையும் 11 பாகை, சரிவும் 11 பாகை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஆயிரத்து நூறு. ஒன்பதரை மணி நேரம் ஒரு மூலத்தை விடாமல் பின்தொடரும். 1970 பிப்ரவரியில் முதல் நிலா மறைப்பைப் பார்த்தது. பாபா அதைக் காண இல்லை. 1966-இல் விமான விபத்தில் போய்விட்டார்.

நிலா தன் பாதையில் உள்ள மூலங்களை மட்டும்தான் மறைக்கும். அந்த வேலை ஆயிரம் மூலங்களோடு ஏறத்தாழ முடிந்தது. உதகைக் கருவி அதோடு ஓய்வு பெறவில்லை: சூரியக் காற்று ரேடியோ மூலங்களை மினுக்க வைப்பதை அளந்தது, பல்சர்களைக் கவனித்தது. பிற்காலத்தில் அதன் 1,056 இருமுனை ஆன்டெனாக்களை நான்கு நான்காக 264 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே எண்ணாக்கும் மேம்பாட்டுத் திட்டமும் வந்தது. முன்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரு குறுகிய கீற்றைப் பார்த்த கருவி, பிரித்து வாங்கினால் வானத்தில் அகலமான ஒரு பரப்பை ஒரே சமயத்தில் பார்க்கும்.

பல்சரே இப்படி வேறு வேலைக்குக் கட்டிய கருவியில் வந்து விழுந்ததுதான். 1967-இல் கேம்பிரிட்ஜில் நாலு ஏக்கருக்கு மேல் கம்பிகளும் கம்பங்களும் நட்டு அமைத்த ஆன்டெனா வரிசையின் நோக்கம், குவாசர்கள் மினுக்குவதைப் பார்ப்பது. காகிதச் சுருளில் நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் நீளத்துக்குக் கோடு விழும். அதைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி ஜோஸலின் பெல், கால் அங்குல அளவுக்கு இருந்த ஒரு கிறுக்கலை விடாமல் பின்தொடர்ந்தார். 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பு. வெடித்துச் சிதறிய விண்மீனின் உள்கரு சுருங்கி, இருபது கிலோமீட்டர் போல விட்டமுள்ள நியூட்ரான் உருண்டையாகி, சுழன்றுகொண்டே ரேடியோக் கற்றையை வீசுகிறது என்பது பிறகு தெளிந்தது. 1982-இல் விநாடிக்கு 642 முறை சுழலும் பல்சர் ஒன்றை அரெசிபோ தொலைநோக்கியில் கண்டுபிடித்ததும், இவற்றை இயற்கையின் கடிகாரங்களாகவே பயன்படுத்தலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது.

ஸ்வரூபுக்கும் வந்தது. நிலநடுக்கோட்டில், கென்யாவில், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு உதகையின் பெரிய அண்ணனைக் கட்டலாம் என்ற அவரது முந்தைய பன்னாட்டுத் திட்டம் நடக்காமல் போயிருந்தது. எண்பதுகளின் நடுவில் இந்தியாவுக்குள்ளேயே பெரியதொரு வரிசை அமைக்க முனைந்தார். எழுதிக் கொடுத்த நோக்கங்களில் முதலாவது, பிரபஞ்சத்தின் இளமையில் திரண்ட மாபெரும் ஹைட்ரஜன் மேகங்களைத் தேடுவது. இரண்டாவது, பல்சர்கள். முதலில் உருளைகளையே நினைத்தவர் பின்பு கிண்ணத்துக்கு மாறினார். ஆனால் 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பது வேண்டும். வழக்கமான முறையில் கட்டினால் எடையும் விலையும் எங்கோ போய்விடும்.

விடை ஏறக்குறைய ஒரு கயிற்றுக் கட்டில். கிண்ணத்தின் முதுகெலும்பாகப் பதினாறு குழாய் வளைசட்டங்கள். அவற்றுக்கிடையே எஃகுக் கயிறுகளை இழுத்துக் கட்டி, அந்தக் கயிறுகள் மேல் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் பின்னிய வலையை விரிப்பது. மீட்டர் நீள அலைக்கு ஓரிரு சென்டிமீட்டர் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அது வலையைக் கண்ணாடியாகவே பார்க்கும். காற்றோ வலைக்குள் புகுந்து போய்விடும். காற்றின் அழுத்தம் குறைந்தால் தாங்கும் இரும்பும் குறைவாகவே போதும். பணமின்மைக்கு இவ்வளவு அழகான விடையை நான் வேறு எந்த அறிவியல் கருவியிலும் கண்டதில்லை. இடம் தேர்ந்ததிலும் காரணம் இருந்தது: வானொலி இரைச்சல் குறைவு, காற்று குறைவு, சுற்றிலும் மலை மறைப்பு, காந்த நடுக்கோட்டிலிருந்து போதிய தூரம் விலகியிருப்பதால் அயனமண்டலமும் அதிகம் படுத்தாது.

2004-இல் இந்த வரிசை தன் முதல் பல்சரைக் கண்டுபிடித்தது. புறா விண்மீன் குழுவில் உள்ள என்.ஜி.சி. 1851 என்ற கோளக் கொத்துக்குள், 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை சுழல்வது. பாவ்லோ ஃப்ரெய்ரே, யஷ்வந்த் குப்தா, ஸ்காட் ரான்சம், ஈஸ்வர சந்திரா ஆகியோர் கண்டது. அதன் சுற்றுப்பாதை மிக நீண்ட நீள்வட்டம், 18.8 நாளில் துணையைச் சுற்றுகிறது. (அதே கொத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் தொலைநோக்கி வேறொரு பல்சரைப் பிடித்தது. அதன் துணை, நியூட்ரான் விண்மீனுக்கு அதிக கனம், கருந்துளைக்குக் குறைந்த கனம். இரண்டில் எது என்று முடிவாகவில்லை.)

இந்த நேரத்தில் ஆட்டத்தின் விதி மாறியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டங்கன் லோரிமர், தன் மாணவர் டேவிட் நார்கெவிச்சிடம் பார்க்ஸ் தொலைநோக்கியின் பழைய பதிவுகளைத் துழாவச் சொன்னார். 2001-இல் பதிவாகிக் கிடந்த ஒரே ஒரு துடிப்பு அகப்பட்டது. ஐந்து மில்லி விநாடிக்கும் குறைவு. கருவியைத் திக்குமுக்காடச் செய்யும் பிரகாசம். 2007-இல் கட்டுரை வந்தது. பலர் நம்பவில்லை. அவர்கள் சந்தேகத்துக்குக் காரணமும் கிடைத்தது: 2011-இல், பார்க்ஸில் அதே சாயலில் பூமியிலிருந்தே வரும் போலித் துடிப்புகள் பல இருப்பது தெரிந்தது. அவற்றின் மூலம் 2015-இல் வெளிப்பட்டது. ஆய்வகத்தின் மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறப்பதுதான்! லோரிமரின் துடிப்பு அந்த வகை அல்ல. அதற்குள் வேறு பல உண்மையான வெடிப்புகளும் வந்துவிட்டிருந்தன.

உண்மையானதை எப்படி அறிவது? விண்வெளி வெற்றிடம் அல்ல. அதில் தனி எலெக்ட்ரான்கள் மிதக்கின்றன. அவற்றின் ஊடே வரும்போது குறைந்த அதிர்வெண் அலை பின்தங்குகிறது. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வளரும். பதினாறேகால் நாள் சுழற்சியில் விழித்து வெடிக்கும் ஒரு மூலத்தைக் கனடாவின் சைம் தொலைநோக்கி கண்டுபிடித்ததே, அதை எடுத்துக்கொள்வோம். சுமார் 50 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு சுருள் விண்மீன் திரளில் இருக்கிறது. அதன் துடிப்பு 500 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்தபின், 300 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர ஏறத்தாழ 10 விநாடி ஆகும். சில மில்லி விநாடித் துடிப்பு, பத்து விநாடிக்கு இழுபட்டுவிடுகிறது. அதிர்வெண் பட்டையை ஆயிரக்கணக்கான மெல்லிய கீற்றுகளாக்கி, ஒவ்வொன்றையும் உரிய அளவு முன்னே தள்ளிக் கூட்டினால்தான் துடிப்பு மீண்டும் கூர்மையாகும். எவ்வளவு தள்ளுவது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆயிரக்கணக்கான அளவுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பல்சருக்கும் வெடிப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. பல்சர் மங்கலாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பார்த்து, ஆயிரம் துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அதை மேலே கொண்டுவரலாம். வெடிப்பு பெரும்பாலும் ஒரு முறைதான் வரும். காலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஆகவே கூட்ட முடிந்தவை மூன்று: உலோகப் பரப்பு, பட்டையின் அகலம், ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்தின் பரப்பு. முதலாவதுக்குப் பணம் வேண்டும். மற்ற இரண்டும் ஏற்பியிலும் கணினியிலும் இருக்கின்றன.

பழைய ஜி.எம்.ஆர்.டி. ஒரு நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத்தான் வாங்கியது. அதுவும் சில குறிப்பிட்ட அதிர்வெண்களைச் சுற்றி மட்டும். 2010-களில் நடந்த மேம்பாட்டில் குவியத்து ஏற்பிகளையும் பெருக்கிகளையும் மாற்றி, 120 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸ் வரை, நடுவில் சில இடைவெளிகளுடன், நான்கு அகலப் பட்டைகளாக்கினார்கள். ஒரே சமயத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்கலாம். 300 முதல் 500 வரையுள்ள 200 மெகாஹெர்ட்ஸை மட்டும் எடுத்தாலே, பட்டை அகலத்தால் மட்டும் உணர்திறன் இரண்டரை மடங்கு கூடுகிறது. இரண்டரைதானா என்று கேட்கத் தோன்றும். கிண்ணங்களைக் கூட்டி அதே பயனைப் பெற வேண்டுமானால், முப்பதோடு இன்னும் நாற்பத்தைந்து கிண்ணங்கள் நட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, தொலைநோக்கியை நிறுத்தாமலே செய்தார்கள் என்பது. ஆன்டெனாக்களிலிருந்து மைய அறைக்கு ஏற்கனவே புதைத்திருந்த கண்ணாடி இழையில், பழைய சிக்னலை அப்படியே ஓடவிட்டு, வேறு ஒளி அலைநீளங்களில் புதியதை ஏற்றினார்கள். பழைய முறையில் ஆய்வாளர்கள் பதிவு செய்துகொண்டிருக்க, புதியது அதே வழியில் பக்கத்திலேயே வளர்ந்தது. ஓடும் பஸ்ஸிலேயே எஞ்சின் மாற்றுவது என்று எழுதத்தான் கை வருகிறது; பொறியாளர்கள் சிரிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

கணினி அறைக்கு வந்து சேர்வது சாதாரண அளவல்ல. 400 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எண்ணாக்க விநாடிக்கு 80 கோடி மாதிரிகள், ஒவ்வொரு ஆன்டெனாவிலும் இரண்டு முனைவாக்கங்கள், ஆன்டெனா முப்பது. விநாடிக்கு 4,800 கோடி எண்கள். இதை அப்படியே சேமித்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே எடுபடாது. வந்த வேகத்தில் கணக்கிட்டு, வேண்டாததை எறிந்தாக வேண்டும். வீடியோ விளையாட்டுக்காகப் பிறந்த கிராபிக்ஸ் அட்டைகள் இங்கே கைகொடுத்தன. பக்கத்து மின்கம்பிகளின் பொறிச் சத்தத்தைக் கணத்துக்குக் கணம் கண்டறிந்து நீக்கும் வடிகட்டியையும் இந்த வழியிலேயே சேர்த்தார்கள். மகாராஷ்டிரக் கிராமப்புறம் 1990-இல் இருந்த அமைதியில் இன்று இல்லை. தக்காளிச் சந்தைக்கு வருகிற ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு ஒலிபரப்பி இருக்கிறது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. பதினாறேகால் நாள் மூலத்திலிருந்து 15 வெடிப்புகளை 2020-இல் மேம்பட்ட வரிசை பிடித்தது. பல்சர்களின் துடிப்பு நேரத்தை வைத்து ஈர்ப்பு அலைகளைத் தேடும் இந்திய ஜப்பானியக் குழு, ஐரோப்பியர்களுடன் சேர்ந்து 2023 ஜூனில் அவற்றின் சுவடுகளை அறிவித்தது. குறைந்த அதிர்வெண்ணில் எலெக்ட்ரான் தாமதத்தை நுட்பமாக அளந்து தருவதுதான் கோடத்தின் பங்கு. ஸ்வரூப் முதலில் எழுதிக் கொடுத்த ஹைட்ரஜன்கூட, அவர் நினைத்த பெரு மேகங்களாக அல்லாமல், ஆயிரக்கணக்கான திரள்களின் மங்கலான சிக்னலைக் கூட்டிப் பார்த்தபோது, எண்ணூறு கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்திலிருந்து வந்து சேர்ந்தது. அந்தக் கட்டுரை 2020 அக்டோபரில் வெளியானது. அவர் அந்தச் செப்டம்பரில் காலமானார்.

மூன்றாவது வழி, வானப் பரப்பு, இன்னும் கடினம். 45 மீட்டர் கிண்ணம் ஒன்று 400 மெகாஹெர்ட்ஸில் நிலாவின் விட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமான வானத்தைப் பார்க்கிறது. ஆனால் முப்பது கிண்ணங்களையும் ஒத்திசைத்துக் கூட்டினால் கிடைக்கும் கற்றை அதில் ஒரு சிறு புள்ளி. கூர்மை உண்டு, அகலம் இல்லை. ஒத்திசைக்காமல் கூட்டினால் அகலம் உண்டு, கூர்மை போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் அந்தப் பரப்பை ஆயிரக்கணக்கான கூர்மையான கற்றைகளால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான தாமத அளவுகளைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்த மூன்று பரம் ருத்ரா மீக்கணினிகளில் ஒன்று இதற்காகவே ஜி.எம்.ஆர்.டி.க்குக் கிடைத்தது. ஸ்பாட்லைட் என்று பெயரிட்ட தேடல் அதன் மேல் அமைந்தது. யாரோ ஒரு ஆய்வாளர் ஏதோ ஒரு திரளைப் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பியிருப்பார். அதே சிக்னலின் பிரதியை எடுத்து இது தன் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருக்கும். தனியாக நேரம் கேட்க வேண்டியதில்லை. நம் ஊர் ஆராய்ச்சியில் அது பெரிய விடுதலை.

ஆனால் எந்தத் தேடலிலும் எதைத் தேடுகிறோம் என்பது மென்பொருளிலேயே எழுதியிருக்கிறது. பல்சர் தேடல் மில்லி விநாடியிலிருந்து சில விநாடி வரையுள்ள ஒழுங்கைத் தேடும். வெடிப்புத் தேடல் ஒற்றை மில்லி விநாடிக் கூர்முனையைத் தேடும். அதைவிட மெதுவாக ஏறி இறங்கும் எதையும் கருவியின் தடுமாற்றம் என்று கழித்துவிடுவதுதான் இரண்டுக்கும் முதல் வேலை. ஆஸ்திரேலியாவில் 18 நிமிடத்துக்கு ஒருமுறை, அரை நிமிடம் ஒரு நிமிடம் என்று ஒளிர்ந்த பொருள் ஒன்றை 2022-இல் அறிவித்தார்கள். அது பழைய பதிவுகளில் வேறு விதமாகத் தேடியதால் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த இனத்தில் இன்னும் பல வந்துவிட்டன.

அவற்றுக்கெல்லாம் முன்னோடியாக ஒன்றைச் சொல்லலாம். பால்வெளியின் மையத் திசையில், 2002-இல் அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி பதிவு செய்தது: 77 நிமிடத்துக்கு ஒருமுறை, பத்துப் பத்து நிமிடம், ஐந்து வெடிப்புகள். ஸ்காட் ஹைமன் குழு அதை 2005-இல் வெளியிட்டது. அதை மறுபடி பார்த்தது மேம்படுத்துவதற்கு முந்தைய ஜி.எம்.ஆர்.டி.தான்: 2003-இல் ஒரு முறை, 2004-இல் இன்னும் மங்கலாக, சுருக்கமாக ஒரு முறை. இரண்டும் பதிவுகளைப் படங்களாக்கிப் பார்த்தபோது தெரிந்தவை; துடிப்புத் தேடல் எதிலும் அவை சிக்கியிருக்காது. அது என்ன பொருள் என்பதற்கு ஒருமித்த விடை இன்னும் இல்லை. ஒரே சிக்னலிலிருந்து மில்லி விநாடித் துடிப்பையும், சில விநாடிக்கு ஒரு படத்தையும் சேர்த்து எடுக்கும் கணிப்பு வலு கோடத்தில் இப்போது இருக்கிறது. பால்வெளி மையம் அங்கிருந்து தெற்கு வானத்தில் நன்றாக மேலே ஏறும் பகுதிதான். யாராவது அந்தப் பக்கம் திருப்பும்போது, எந்தக் காலநீளங்களைக் கழிக்காமல் விடுவது என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.